கிளேஸ் பாட்டில் வாங்குறதா, நாமளே கலக்குறதா? புளியும் எலுமிச்சையும் வச்சு ஒரு கணக்கு

போன மாசம் எங்ககூட பாட்டரி பழகுற ஒரு பொண்ணு, வீல்ல உக்காந்து எட்டு மாசம் ஆச்சு, சென்டரிங் (மண்ண வீல் நடுவுல ஆடாம நிறுத்தறது) எல்லாம் நல்லா கைக்கு வந்துடுச்சு, பிஸ்க் ஆன, அதாவது கிளேஸ்ங்கற கண்ணாடிப் பூச்சு போடாம ஒருதடவ சுட்ட, பதினெட்டு பவுல ஷெல்ஃப்ல அடுக்கி வச்சிட்டு வந்து, "அக்கா, கிளேஸ் பாட்டிலா வாங்கிடவா, இல்ல பவுடர் வாங்கி நானே கலக்கவா"ன்னு கேட்டா. அரைமணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிஞ்சது. இதே கேள்விய நிறைய பேர் கேக்குறாங்க, அதனால முழுசா எழுதிடுறேன்.

முதல்ல ஒண்ணு. கிளேஸ தேடுறதுக்கு முன்னாடி உங்க கையில இருக்குறது என்ன மண்ணு, அத சுடப்போற கில்ன் (சூளை) எவ்ளோ சூடு போகும், கரண்டா கேஸா, இத தெரிஞ்சுக்கோங்க. ஏன்னா கிளேஸ்ங்கறது பெயின்ட் இல்ல, அது உருகுன கண்ணாடி, மண்ணு மேல ஒட்டிக்கிட்டு மண்ணோட சேர்ந்து விரிஞ்சு சேர்ந்து சுருங்கணும். சிவப்பு டெரகோட்டா மண்ணுன்னா 1050 டிகிரி பக்கம் நிறுத்திடணும், ஸ்டோன்வேர்ங்கற அதிக சூட்டுல இறுகுற மண்ணுல கோன் 6னு (கோன்ங்கறது சூட்டு அளவ சொல்ற நம்பர்) போட்டிருந்தா 1220ல இருந்து 1240 வரைக்கும், கோன் 10னா 1280 தாண்டி போகணும். டெரகோட்டாவ தப்பா ஸ்டோன்வேர் கூட ஏத்திட்டா அது குழம்பா உருகி ஷெல்ஃப்ல ஒட்டிக்கும். ஒருதடவ நாங்க ஷேர் பண்ற கில்ன்ல நானே அப்படி ஒரு சின்ன அகல் விளக்க கவனிக்காம வச்சு, ஷெல்ஃப உளி வச்சு செதுக்க ரெண்டு நாள் ஆச்சு, பக்கத்துல இருந்த இன்னொருத்தங்களோட ரெண்டு மக்கும் போச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு மண்ணு பாக்கெட்லயும் மார்க்கர்ல கோன் நம்பர் எழுதாம நான் உள்ள கொண்டு வர்றதே இல்ல.

கரண்ட் கில்னா கேஸ் கில்னாங்கறதும் சும்மா விஷயம் இல்ல. கீழடி, ஆதிச்சநல்லூர்ல கிடைச்ச கருப்பு சிவப்பு பானை பாத்திருப்பீங்க, உள்பக்கமும் வாய்ப்பக்கமும் கருப்பு, வெளிய சிவப்பு. அத கவுத்து வச்சு சுட்டாங்கன்னுதான் பொதுவா சொல்லுவாங்க, காத்து பட்ட இடம் சிவந்துச்சு, காத்து போகாம புகை அடைஞ்ச இடம் கருத்துச்சு, மண்ணு ஒரே மண்ணுதான். கிளேஸ்லயும் அதே கதைதான். நூத்துக்கு ஒரு பங்கு இரும்பு ஆக்சைடு போட்ட கிளேஸ் காத்து குறைஞ்ச கேஸ் கில்ன்ல செலடான்னு சொல்ற இளம்பச்சையா வரும், கரண்ட் கில்ன்ல அதே கிளேஸ் வெளிறுன மஞ்சளாத்தான் வரும். காப்பர் போட்டா கேஸ்ல ரத்தச் சிவப்பு, கரண்ட்ல பச்சை. அதனால போட்டோ பாத்து "எனக்கு அந்த சிவப்பு வேணும்"னு பாட்டிலோ ரெசிபியோ வாங்கிட்டு கரண்ட் கில்ன்ல வச்சா ஏமாத்தம்தான் மிச்சம்.

இப்ப ஆப்ஷனுக்கு வருவோம். கிளேஸே வேணாம்ங்கறதும் ஒரு ஆப்ஷன்தான், அத முதல்ல சொல்லிடறேன். தண்ணிப் பானைக்கு கிளேஸ் அடிச்சா அது பானையே இல்ல, தண்ணி கசிஞ்சு ஆவியாகுறதாலதான உள்ள சில்லுன்னு இருக்கு. மீன்குழம்பு சட்டிக்கும் வேணாம், கஞ்சித் தண்ணி ஊத்தி பழக்குனா போதும். மானாமதுரைல தலைமுறை தலைமுறையா கிளேஸ் இல்லாமத்தான் பானையும் கடமும் செய்யறாங்க, 2023ல புவிசார் குறியீடும் கிடைச்சுது. நீங்க செய்யறது செடித்தொட்டி, விளக்கு, பானைன்னா இதோட படிக்கிறத நிறுத்திக்கலாம், தப்பே இல்ல.

ஆனா மக், பவுல், தட்டு, ஊறுகாய் கிண்ணம்னு போனா கிளேஸ் வேணும், அங்கதான் நம்ம வீட்டு சாப்பாடு உள்ள வருது. மத்த ஊர்ல எழுதுன பாட்டரி புக் எல்லாம் காபி, சூப், சாலட்ட மனசுல வச்சு எழுதுனது, நம்ம வீட்ல ரசம், புளிக்குழம்பு, மோர், எலுமிச்சை ஊறுகாய்னு எல்லாமே புளிப்பு, அதுவும் ஊறுகாய் நாள்கணக்குல ஒரே கிண்ணத்துல கிடக்கும். புளிப்பு மெதுவா கிளேஸ தின்னும். நான் முதமுதல்ல கலக்குன மேட் (பளபளப்பு இல்லாத) பச்சை கிளேஸ்ல காப்பர் கார்பனேட் அஞ்சு சதவீதம் போட்டேன், பாசி படிஞ்ச கல்லு மாதிரி அவ்ளோ அழகு, அதுல ஒரு சின்ன கிண்ணம் செஞ்சு அம்மாகிட்ட குடுத்தேன். அம்மா அதுல எலுமிச்சை ஊறுகாய் போட்டு வச்சாங்க. நாலு நாள் கழிச்சு கழுவும்போது பாத்தா ஊறுகாய் நின்ன மட்டத்துக்கு கீழ பச்சை வெளுத்து சாம்பல் கலர்ல ஒரு வட்டம், மேல மட்டும் பழைய பச்சை. விரல் வச்சு தடவுனா கீழ சொரசொரன்னு இருந்துச்சு. அந்தப் பச்சை எங்க போச்சு? ஊறுகாய்க்குள்ளதான் போச்சு. அன்னைல இருந்து எந்த கிளேஸ பாத்தாலும் என்னோட முதல் கேள்வி கலர் எப்படி இருக்குங்கறது இல்ல, இதுல புளி கரைச்சு வைக்கலாமாங்கறதுதான்.

அந்தக் கண்ணோட பாட்டில் கிளேஸ பாருங்க. அமாகோ, மேகோ மாதிரி கம்பெனி பாட்டில்ல கோன் நம்பர் போட்டிருக்கும், சாப்பாட்டு பாத்திரத்துக்கு ஆகுமா ஆகாதான்னு போட்டிருக்கும், குலுக்கி பிரஷ்ல மூணு கோட் அடிச்சா போதும், தூசி கிடையாது, தராசு வேணாம். அப்பார்ட்மென்ட்ல இருக்கீங்க, வீட்ல சின்னக் குழந்தை இருக்கு, தனி ரூம் இல்லைன்னா யோசிக்கவே வேணாம், பாட்டில்தான். இத நான் அழுத்திச் சொல்றேன், ஏன்னா கிளேஸ் பவுடர்ல பெரும்பங்கு சிலிகா, அதோட மெல்லிசான தூசி நுரையீரல்ல போய் தங்குனா திரும்ப வராது, சிலிகோசிஸ்னு கல்லு குவாரில வேலை பாக்குறவங்களுக்கு வர்ற வியாதி இதேதான். சமையல்கட்டு மேடைல பவுடர் கலக்குறதும், கலக்குன பிறகு துடைப்பம் வச்சு கூட்டுறதும் வேணவே வேணாம். ஈரத்துணிதான், என்95 மாஸ்க்தான்.

பாட்டிலோட குறை என்னன்னா, முதல்ல விலை. ஒரு பைன்ட் பாட்டில், அரை லிட்டருக்கு கொஞ்சம் கம்மி, எனக்கு பத்து பன்னெண்டு மக்குக்குத்தான் வந்துச்சு, அந்தக் காசுல கிளேஸ் கலக்குற கல்லுப் பவுடரான ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் கிலோ கணக்குல வாங்கலாம். அதவிட பெரிய குறை, உள்ள என்ன இருக்குன்னு தெரியாது, அதனால ஏதாவது தப்பா வந்தா எத மாத்தறதுன்னும் தெரியாது. இன்னொண்ணு நிறைய பேருக்கு தெரியல, சாப்பாட்டுக்கு ஆகும்னு போட்டிருக்கறது அந்த ஒரு கிளேஸ அவங்க சொன்ன சூட்டுல சுட்டா மட்டும்தான். ரெண்டு பாட்டில ஒண்ணு மேல ஒண்ணு அடிச்சா, அந்த வழிஞ்சு கலக்குற எஃபெக்ட் அழகாத்தான் இருக்கும், ஆனா அது இப்ப மூணாவது ஒரு கிளேஸ், அதுக்கு யாரும் கேரன்ட்டி குடுக்கல. அத மக்கோட வெளிப்பக்கம் மட்டும் வச்சுக்கோங்க.

கடைல லேபிள் இல்லாம கிலோ கணக்குல கிடைக்கிற லோ ஃபையர் பவுடர் பத்தி ஒரே ஒரு வரி. கம்மி சூட்டுல கண்ணாடி மாதிரி பளபளன்னு உருக வைக்கிற பழைய வழி ஈயம், உள்ள என்னன்னு எழுதித் தராத பவுடர் எதையும் சாப்பாட்டுப் பாத்திரத்துல போடாதீங்க.

அடுத்து பாதி வழி ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. நம்பகமான இடத்துல கோன் 6க்கு ட்ரான்ஸ்பரன்ட் கிளேஸ் ரெடிமேட் பவுடரா அஞ்சு கிலோ வாங்கிக்கறது, தண்ணி சேத்து 80 மெஷ்ங்கற நெருக்கமான கண்ணுள்ள சல்லடைல ரெண்டு தடவ வடிகட்டி பக்கெட்ல வச்சுக்கறது, கலர் மட்டும் நாம சேக்குறது. நூறு கிராம் பவுடருக்கு அரை கிராம் கோபால்ட் கார்பனேட் போட்டா நல்ல நீலம், நாலு கிராம் ரெட் அயர்ன் ஆக்சைடு போட்டா தேன் கலர், எட்டு பத்து போட்டா கருப்புக்குப் பக்கம் போற பழுப்பு, ஜிர்கான் பத்து கிராம் போட்டா ட்ரான்ஸ்பரன்ட் வெள்ளையாயிடும். தராசு மட்டும் 0.1 கிராம் காட்டுற மாதிரி இருக்கணும், சமையல் தராசு பத்தாது, கோபால்ட் கால் கிராம் கூடுனாலே நீலம் மாறிடும். பிரஷ் அடிக்க வேண்டியதில்ல, பக்கெட்ல முக்கி மூணு எண்ணி எடுத்தா முடிஞ்சது, பதினெட்டு பவுலும் ஒரு மணி நேரத்துல ஆயிடும். நீங்களே செஞ்ச கலர்ங்கற சந்தோஷமும் இருக்கு, அடிப்படை கிளேஸ் தப்பாகுற பயமும் இல்ல.

முழுசா நாமளே கலக்குறதுக்கு வந்தா, ஆரம்பத்துல பயமுறுத்துற அளவுக்கு அது கஷ்டமில்ல. சிலிகாதான் கண்ணாடி, ஆனா தனியா உருக 1700 டிகிரி மேல வேணும், அத உருக வைக்க ஃபெல்ஸ்பார், சுண்ணாம்பு மாதிரி ஃப்ளக்ஸ், உருகுனது தண்ணியா ஓடிடாம பிடிச்சு வைக்க சைனா களேங்கற வெள்ளைக் களிமண்ணுல இருக்கற அலுமினா. இட்லி மாவுல அரிசியும் உளுந்தும் மாதிரிதான், ஒண்ணு கூடுனா கல்லு, ஒண்ணு கூடுனா ஓடிடும். கோன் 10க்கு உலகம் பூரா பாட்டர்ஸ் மனப்பாடமா சொல்ற ஒரு ரெசிபி இருக்கு, நாலு மூணு ரெண்டு ஒண்ணு: ஃபெல்ஸ்பார் 40, குவார்ட்ஸ் (சிலிகாதான்) 30, வொய்ட்டிங் (சுண்ணாம்புக்கல் பவுடர்) 20, சைனா களே 10. 1971ல டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் பாண்டிச்சேரில கோல்டன் பிரிட்ஜ் பாட்டரிய ஆரம்பிச்ச பிறகு நம்ம பக்கம் பரவுனது இந்த ஹை ஃபையர் (அதிக சூட்டுல சுடுற) ஸ்டோன்வேர் வழிதான், அங்க கத்துக்கிட்டவங்க பல ஊர்ல ஸ்டூடியோ வச்சிருக்காங்க. கோன் 6 கரண்ட் கில்னுக்கு அந்த 4321 சரியா உருகாது, கம்மி சூட்டுலயே உருக வைக்க போரான் வேணும், அது ஃப்ரிட்ல, அதாவது முன்னாடியே உருக்கி அரைச்ச கண்ணாடிப் பவுடர்ல வரும். அதுக்கும் சுலபமான ரெசிபி இருக்கு, அஞ்சு பொருள் ஒவ்வொண்ணும் இருபது: ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ், வொலாஸ்டோனைட் (சுண்ணாம்பும் சிலிகாவும் சேர்ந்த கல்லு), சைனா களே, போரான் ஃப்ரிட். ரெசிபில ஃபெர்ரோ 3134னு ஒரு ஃப்ரிட் பேர் போட்டிருக்கும், அது கிடைக்கலைன்னா வேற ஃப்ரிட் விக்கிறவங்ககிட்ட கெமிக்கல் அனாலிசிஸ் ஷீட் கேட்டு வாங்குங்க, தராதவங்ககிட்ட வாங்காதீங்க.

இதோட பலன் எங்க தெரியும்னா, தப்பு வரும்போது. ஒருதடவ கில்ன் அறுபது டிகிரிக்கு ஆறுன பிறகு திறந்தேன், பவுல வெளிய எடுத்து வச்சதும் டிங்... டிங்னு வெள்ளிக்கொலுசு மாதிரி சத்தம், ரொம்ப நேரம். கேக்க இனிமையா இருக்கும், ஆனா அது கிளேஸ் முடியளவு கோடா வெடிக்குற சத்தம், கிளேஸ் மண்ண விட அதிகமா சுருங்குதுன்னு அர்த்தம். அந்தப் பவுல்ல ரெண்டு நாள் சாம்பார் ஊத்தி சாப்பிட்டோம், மூணாம் நாள் உள்பக்கம் பூரா மஞ்சள் கலர்ல வலை பின்னுன மாதிரி கோடு, எவ்ளோ தேச்சும் போகல. மஞ்சத்தூள் மாதிரி ஒரு டெஸ்ட் கிட் எந்த லேப்லயும் கிடையாதுன்னு நினைக்கிறேன். பாட்டில் கிளேஸா இருந்திருந்தா வேற பாட்டில் வாங்கறதோ வேற மண்ணுக்கு மாறுறதோதான் வழி. நான் கலக்குனதால ரெசிபில குவார்ட்ஸ அஞ்சு பங்கு கூட்டி சோடா ஃபெல்ஸ்பார கொஞ்சம் குறைச்சேன், அடுத்த ஃபையரிங்ல சத்தமே இல்ல. மஞ்சத்தண்ணிய ஒருவாரம் ஊத்தி வச்சும் பாத்தாச்சு, ஒரு கோடு கூட இல்ல.

ஆனா அதுக்கு விலை இருக்கு, காசு இல்ல, நேரம். டெஸ்ட் டைல் (கிளேஸ பூசி சுட்டுப் பாக்குற சின்ன மண் துண்டு) செய்யணும், ஒவ்வொண்ணு பின்னாடியும் நம்பர் எழுதணும், நோட்டுல கிராம், கெட்டி, எந்த ஷெல்ஃப், எவ்ளோ சூடுன்னு எல்லாம் எழுதணும். மாசம் ஒரு ஃபையரிங்தான் கிடைக்கும்னா ஒரு தப்ப திருத்த ஒரு மாசம். விலை ஏறுன பொருள் கோபால்ட், டின் ஆக்சைடு, ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ், சைனா களே எல்லாம் நம்ம நாட்லயே தோண்டுறது, கம்மி விலைதான், ஆனா சில இடத்துல மூட்டையாத்தான் தருவாங்க, இருபத்தஞ்சு கிலோ குவார்ட்ஸ எங்க வைக்கப்போறீங்கன்னு முதல்லயே யோசிங்க. நாலஞ்சு பேர் சேர்ந்து பிரிச்சுக்கறது நல்லது.

சாம்பல் கிளேஸ்னு ஒண்ணு இருக்கு, அத சொல்லாம விட மனசு வரல. இதுக்கு கோன் 10 வேணும். விறகுச் சாம்பல் 40, ஃபெல்ஸ்பார் 40, களிமண் 20, அவ்ளோதான் ஆரம்ப ரெசிபி. கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி சமையல் அடுப்புல இருந்து ரெண்டு பக்கெட் சவுக்குச் சாம்பல் வாங்கிட்டு வந்து, சலிச்சு, தண்ணில ஊறப்போட்டு, மேல நிக்கிற தண்ணிய ரெண்டு மூணு தடவ இறுத்து (கையுறை போட்டுக்கோங்க, அந்தத் தண்ணி தோல அரிக்கும்), காய வச்சு கலக்குனோம். வந்தது மழைக்கு அப்புறம் வரப்புல வர்ற புல்லு மாதிரி ஒரு பச்சை, ஓரமெல்லாம் தேன் மாதிரி சின்னச் சின்ன ஓடையா வழிஞ்சு நின்னுச்சு. விறகுச் சாம்பல்ல சுண்ணாம்பு சத்து அதிகம், அதான் ஓடுது. உமிச் சாம்பல் அதுக்கு நேர் எதிர், பெரும்பாலும் சிலிகாதான், அது சேத்தா பால் மாதிரி வெண்மை வரும், ஜப்பான்ல வைக்கோல், உமிச் சாம்பல் வச்சு அப்படி ஒரு வெள்ளை கிளேஸே செய்யறாங்க. ரைஸ் மில்லு இருக்கற ஊர்ல நாம உக்காந்துக்கிட்டு வெள்ளைக்கு டின் ஆக்சைடு காசு குடுத்து வாங்கறோமேன்னு எனக்கு அடிக்கடி தோணும். கண்மாய் மண்ண சலிச்சு சாம்பலோட பாதிக்குப் பாதி கலந்து ஸ்டோன்வேர் மேல போட்டா கோன் 10ல அதுவே பழுப்பு கிளேஸா உருகிடும், எந்தக் கடைக்கும் போக வேண்டியதில்ல. ஆனா ஒண்ணு, அந்த ரெண்டு பக்கெட் தீந்தா அந்தப் பச்சை தீந்துச்சு, அடுத்த கல்யாணத்துச் சாம்பல் வேற பச்சை. ஒரே மாதிரி ஆறு தட்டு கேக்குறவங்களுக்கு இது ஆகாது, டைல்ல பாக்காம நேரா பாத்திரத்துல போடவும் கூடாது, வழிஞ்சு ஷெல்ஃப்ல ஒட்டும், அதனால அடில ஒரு விரல் அகலம் கிளேஸ் இல்லாம விடுங்க.

அந்தப் பொண்ணுக்கு நான் சொன்ன முடிவு இதுதான். அவ இருக்கறது ரெண்டாவது மாடி ஃப்ளாட், கரண்ட் கில்ன் வாடகைக்கு கோன் 6, செய்யறது சாப்பாட்டு பவுல். அதனால உள்பக்கத்துக்கு கலர் போடாத ட்ரான்ஸ்பரன்ட், ரெடிமேட் பவுடர், கலக்குறது வீட்ல இல்ல எங்க ஷெட்ல வந்து. வெளிப்பக்கத்துக்கு ரெண்டு பாட்டில் போதும், ஆறு பாட்டில் வாங்காத. பவுல் பதினெட்டுலயும் ஒரே நாள்ல அடிக்காத, மூணு மட்டும் அடி, மிச்சத்த வச்சிரு. இந்த மூணு வெளிய வந்ததும் ஒண்ணுல பாதி அளவுக்கு வினிகர் ஊத்தி மூணு நாள் வை, ஒண்ணுல மஞ்சத்தண்ணி, ஒண்ணுல கெட்டியா புளிக்கரைசல். கழுவிட்டு மேல் பாதியும் கீழ் பாதியும் வெளிச்சத்துல பக்கத்துல வச்சுப் பாரு, கலர்லயோ பளபளப்புலயோ வித்தியாசம் இருந்தா அந்த கிளேஸ் உள்பக்கத்துக்கு இல்ல. விக்கப்போறன்னா வீட்டு டெஸ்ட் மட்டும் பத்தாது, லேப்ல ஈயம், காட்மியம் டெஸ்ட் குடுத்துட்டுத்தான் விக்கணும்.

தனி ஷெட் இருக்கு, மாசம் ரெண்டு ஃபையரிங் கிடைக்குது, நோட்டு எழுதற பொறுமை இருக்குன்னா நான் நேரா அந்த அஞ்சு இருபது ரெசிபிலயே ஆரம்பிக்கச் சொல்லுவேன், ஒரே ஒரு பேஸ், ஒரு வருஷம் வேற ரெசிபி தேடாதீங்க, அதுலயே காப்பர் ரெண்டு சதவீதத்துக்கு மேல போகாம, இரும்பு, கோபால்ட், ரூட்டைல் (டைட்டானியம் கனிமம்)னு மாத்தி மாத்தி டைல் போடுங்க. விக்கிறதுக்கு ஒரே மாதிரி ஐம்பது மக் ஆர்டர் வந்திருக்குன்னா அப்ப சோதனை வேணாம், ரெடிமேட் பவுடர். கேஸ் கில்ன் கோன் 10 கையில இருக்கறவங்க பாட்டில் பக்கமே போகாதீங்க, உங்களுக்குத்தான் செலடானும் சாம்பலும்.

அவ நேத்து போன் பண்ணா. மூணு பவுலும் வந்துடுச்சாம், புளிக்கரைசல் வச்சது நல்லா இருக்காம், மஞ்சள்தண்ணி பவுல்ல மட்டும் அடில முடி அளவுக்கு ரெண்டு கோடு. கிளேஸ் அங்க தேங்கி தடியா நின்னிருக்கும், முக்குனதும் உடனே கவுத்து உதறலையான்னு கேட்டேன், ஆமா அக்கா மறந்துட்டேன்னா. மிச்சம் பதினஞ்சு பவுலோட ஞாயித்துக்கிழமை வர்றா.